வடிகஞ்சி யாருக்குப் போனது

1. ஜூனில் பள்ளி திறந்த வாரம், சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டப் பள்ளிக்கு மதிய உணவு மேற்பார்வைக்காகச் சென்றேன்.
2. அங்கே கோதுமை நொய்யை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, கஞ்சியை வடித்துவிட்டு, மிஞ்சியதைத் தாளித்து உப்புமாவாகக் கொடுத்தார்கள்.
3. வடிக்கக் கூடாது என்றேன். வடிப்பது நின்றது.
4. ஜூனில் போலவே ஆகஸ்டிலும் பிள்ளைகளின் எடை பார்த்தேன். நான்கு சிறுமிகளின் எடை குறைந்திருந்தது.
5. காரணத்தைத் தேடினேன்.

ஐந்தாவதற்குத்தான் நாள் பிடித்தது.

நான் கோயம்புத்தூரில் மனையியல் படித்தவள். தானியத்தின் சத்தில் எவ்வளவு வடிநீரோடு போகும் என்பது எங்களுக்கு இரண்டாம் வருடப் பாடம். வீடு நல்லேப்பிள்ளியில், நெல் விவசாயம். எங்கள் வீட்டில் சோறு வடித்த கஞ்சி நேராகத் தொழுவத்துத் தொட்டிக்குப் போகும். ஆகவே, சமையல்கார அக்கா மூடி வைத்திருந்த கஞ்சி வாளியைப் பார்த்ததும், அது யாரோ ஒருவருடைய மாட்டுக்குப் போகிறது என்று முடிவு செய்துவிட்டேன். யாருடைய மாடு என்று கேட்கவில்லை.

"ஏனுங்க அக்கா, சத்தெல்லாம் இதுலதானுங்க போகுது. இனி வடிக்க வேண்டாமுங்க."

"ஏனுங்க ஏனுங்கன்னு சொன்னா நொய்யி கேக்குமா டீச்சரம்மா? வடிக்கலேன்னா களியாப் போயிரும்."

"தண்ணிய அளந்து ஊத்துனா போகாதுங்க."

அளந்து ஊற்றினார். முதல் நாள் களியாகத்தான் போயிற்று. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி தட்டைக் கவிழ்த்துக் காட்டினாள்; உப்புமா விழவில்லை. "டீச்சர், இத வச்சு சினிமா போஸ்டர் ஒட்டலாம்" என்றாள். வரிசையே சிரித்தது. நான் தண்ணீர் அளவைத் திருத்தி எழுதிக்கொண்டேன். ஒரு வாரத்தில் பதம் சரியானது. பிள்ளைகள் தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. திட்டம் சரியாக நடக்கிறது என்று நினைத்தேன்.

ஆகஸ்டு எடை அதற்கு ஒத்துவரவில்லை. தராசைச் சோதித்தேன், பிழையில்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தோட்டத்தில் தெளிக்கும் பூச்சி மருந்து என்று ஒவ்வொன்றாக விசாரித்து, காரணம் அதுவல்ல என்று அடித்துக்கொண்டே வந்தேன். மீதியிருந்தது ஒன்றுதான்: அந்த நால்வரும் சாப்பிடும்போது நான் பார்த்ததில்லை.

மறுநாள் மதியம் அவர்களில் மூன்றாம் வகுப்புக்காரி ஒருத்தியின் பின்னால் போனேன். தட்டை ஒரு துண்டால் மூடிக்கொண்டு விறகுச் சாய்ப்புக்குப் பின்புறம் போனாள். அங்கே பதினொரு குழந்தைகள் உட்கார்ந்திருந்தன. எல்லாம் இரண்டு, மூன்று வயது. தாய்மார் ஏலக்காய் எடுக்கக் காட்டுக்குப் போய்விடுவதால், அக்காமார் இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருகிறார்கள். அவள் தன் தங்கைக்கு ஊட்டத் தொடங்கினாள்.

"நீ சாப்பிடலையா?"

"சாப்பிட்டேன் டீச்சர்."

"எப்போ?"

அவள் தங்கையின் வாயைத் துடைத்தாள். "முன்ன இவளுக்குக் கஞ்சி இருந்துச்சு. இப்ப இல்லேல்ல."

சமையலறைக்குத் திரும்பினேன். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அக்கா என்கிட்டச் சொல்லலீங்க?"

"பேரு எழுதாத புள்ளைக்கு ஒரு வாய் குடுத்தாலும் வேலைய விட்டு நிறுத்திருவாக. உங்க கையில நோட்டு வேற இருந்துச்சு. எப்பிடிச் சொல்ல?"

"நான் மாட்டுக்குப் போகுதுன்னு நெனச்சுட்டனுங்க."

அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மாடா? லயத்துல ஒரு ரூம்ல ஏழு பேரு படுக்கோம். மாட்ட எங்க டீச்சரம்மா கட்ட, அடுப்பு மேலயா?"

அவர் வடிகஞ்சியில் உப்புப் போட்டு, அந்தக் குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்து வந்திருக்கிறார். நான் வீணாகிறது என்று நினைத்த சத்து, பட்டியலில் இல்லாத பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது. அதை நிறுத்தியவுடன் அக்காமாரின் பங்கு அந்த இடத்தை நிரப்பப் போய்விட்டது; அதிகமாகக் கொடுத்த நால்வருக்குத்தான் எடையில் தெரிந்தது. படித்த பாடத்தில் பிழையில்லை. ஆனால் கஞ்சி எங்கே போகிறது என்ற கேள்வி அந்தப் பாடத்தில் இல்லை.

மறுநாள் முதல் தண்ணீரைக் கூட்டி, பழையபடி வடிக்கச் சொன்னேன். வடிக்கும்போது இரண்டு கரண்டி நொய்யும் சேர்ந்து வாளியில் விழட்டும் என்றேன். மாத அறிக்கையில் 'வடித்துச் சமைக்கப்படுகிறது. என் உத்தரவின்படி' என்று எழுதினேன். அக்காவைப் பற்றி எதுவும் எழுதவில்லை. தனித்தாளில், பள்ளிக்கு வரும் சிறு குழந்தைகளையும் உணவுப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டு, பதினொரு பெயரும் வயதும் இணைத்து அனுப்பினேன்.

அக்டோபரில் மூவரின் எடை ஜூன் அளவுக்குத் திரும்பியது; தங்கைக்கு ஊட்டியவளுக்கு இன்னும் அரைக் கிலோ குறைவு. என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதினொருவரும் பட்டியலில் இல்லை.