நான் தறிப்பித்த மாமரம்

எங்கள் வளவில் எட்டு வருடமாக நின்ற ஒரு மாமரத்தை, என் கணவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து நான்தான் ஆள் பிடித்து அடியோடு தறிப்பித்தேன்.

கிளிநொச்சியில் வாய்க்கால் கரையோரமாக எங்கள் வளவு. படிப்பிக்கிற வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகு என் பொழுதெல்லாம் பூக்கன்றுகளோடுதான். வாசல் படலையடியில் செவ்வரத்தை, முற்றத்தில் நந்தியாவட்டை, கிணற்றடிக்குப் பக்கத்தில் ரோசாப் பாத்தி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பெயர்களை மறந்தாலும், எந்த ரோசாவின் தடியை யாரிடம் வாங்கினேன் என்பது எனக்கு மறக்காது. என் கணவருக்குப் பூவில் பெரிய ஈடுபாடு கிடையாது. மரம் வைக்கத்தான் விருப்பம். தேசி, மாதுளை, கொய்யா எல்லாம் அவர் வைத்தவை.

அந்த மாங்கன்று யாழ்ப்பாணத்தில் அவர் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அங்கே நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் கீழே தானாக முளைத்திருந்த கன்று. அந்த வீட்டு வளவை விற்கிற அன்றைக்கு வேரோடு கிண்டி, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்தார். ஆனையிறவில் உப்புக்காற்றுப் படக்கூடாது என்று தன் சால்வையால் மூடிப் பிடித்துக்கொண்டு வந்தாராம். கொண்டுவந்து என் ரோசாப் பாத்திக்கு மேற்கே நட்டார். அப்போது அது ஒரு முழ உயரம். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மரம் வளர வளரப் பாத்தியில் நிழல் விழத் தொடங்கியது. மத்தியானம் திரும்பினால் வெயிலே இல்லை. ரோசாக்கள் நீட்டுக்கு வளர்ந்து, தண்டு மெலிந்து, பூக்கிறதைக் குறைத்துக்கொண்டன. மாமரமோ இலையைத் தவிர வேறொன்றும் தரவில்லை.

"இஞ்சருங்கோ, இது காய்க்கிற சாதியில்லை. என்ரை ரோசாவையும் வாழ விடுகுதில்லை," என்று வருடா வருடம் சொல்வேன்.

"விதைக்கன்றெல்லோ, சுணங்கும். இன்னும் ஒரு வருஷம் பாப்பம்," என்பார் அவர்.

இப்படியே நாலைந்து வருடம் போனது.

மாரி முடிந்த கையோடு அவருக்கு வவுனியாவில் கண் ஒப்பரேசன் நடந்தது. பிறகு பத்து நாள் அங்கேயே அவருடைய தங்கை வீட்டில் நிற்கச் சொன்னார்கள். கோழிகளையும் கன்றுகளையும் பார்க்க ஆளில்லை என்று நான் மட்டும் திரும்பி வந்தேன். வந்த மறுநாள் காலை பாத்திக்குப் போனால், மழையில் இலையெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்து கொட்டிக் கிடந்தது. ஒரே ஒரு பூ. எனக்கு வந்த கோபம் சொல்ல முடியாது. அந்தக் கோபத்தோடேயே பக்கத்து ஒழுங்கையில் இருந்த மரம் அரிகிறவரைக் கூப்பிட்டேன்.

அவர் மலைநாட்டிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்த குடும்பத்து மனிதர். மரத்தைச் சுற்றி வந்தார். ஒரு கொப்பைத் தாழ்த்தி நுனியைப் பார்த்தார்.

"அம்மா, மொட்டுத் தடிச்சிருக்குங்க. இந்த வருஷம் பூ வைக்கும் போல இருக்கு. ஐயா வரட்டுமே."

நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன். நுனிகள் தடித்துத்தான் இருந்தன. பூக்கன்று வளர்க்கிற எனக்கு அது விளங்காமல் இல்லை.

"அது வெறும் குருத்து. நீங்கள் அரியுங்கோ," என்றேன்.

அரை மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. அன்று பின்னேரம் வவுனியாவிலிருந்து என் கணவர் ரெலிபோன் எடுத்தார். தறித்த கொப்புகள் இன்னும் முற்றத்தில்தான் கிடந்தன. மாம்பால் மணம் வீடு முழுக்க.

"தேசிக்குத் தண்ணி விட்டனீரோ?"

"ஓம்."

"மாமரத்துக்கு மட்டும் விடாதையும். இந்த நேரம் தண்ணி விட்டால் பூக்காது, இலைதான் தள்ளும்."

"ஓம்," என்று சொல்லிவிட்டு ரெலிபோனை வைத்தேன். இதைவிட மோசமான ஒரு சொல்லை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை.

பத்து நாள் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கியவர், நேரே வளவுக்குள் போனார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தார். மரத்தை அதற்குள் விறகுக்குக் கொடுத்து, அடிக்கட்டையையும் மண் போட்டு மூடியிருந்தேன். அவர் கேட்பதற்கு முன்னம் நானே சொன்னேன்.

"கறையான் பிடிச்சிட்டுது. உள்ளுக்குள்ளை முழுக்க அரிச்சுக் கோறையாப் போச்சு. காத்துக்கு வீட்டிலை விழுந்திடும் எண்டு தறிச்சுப்போட்டன்."

அவர் நம்பினார். "பாவம், தனிய நிண்டு கஷ்டப்பட்டிருக்கிறீர்," என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதோடு முடியவில்லை. மற்ற மரங்களுக்கும் கறையான் பரவிவிடும் என்று அவர் பயந்தார். ஒவ்வொரு நாளும் காலமை தேசியடியையும் மாதுளையடியையும் கிளறிப் பார்ப்பார். அடிமரங்களுக்குச் சுண்ணாம்பு பூசினார். வருகிறவர்களிடமெல்லாம் கறையானுக்கு என்ன செய்யலாம் என்று விசாரித்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவேன்.

ஒரு மாதம் கழித்து, புற்று அடியில்தான் இருக்கும், அடிக்கட்டையைக் கிளப்பவேண்டும் என்று அலவாங்கை எடுத்தார். குனிந்து பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். கேட்கவில்லை. இரண்டு நாள் கிண்டினார். இரண்டாம் நாள் மத்தியானம் குசினி வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் மண்.

"ஒரு கறையானையும் காணேல்லை. கட்டை வைரம் மாதிரிக் கிடக்கு."

அடுப்பை நிறுத்தினேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"கறையான் பிடிக்கேல்லை. ரோசாவுக்காகத்தான் தறிச்சனான்," என்றேன். "மொட்டுத் தடிச்சிருந்தது. அதையும் பாத்துப்போட்டுத்தான் தறிச்சனான்."

அவர் கிணற்றடியில் போய்க் கை கழுவினார். நெடுநேரம் கழுவினார். பிறகு வந்து கதிரையில் இருந்து, "நீர் எத்தினை தரம் சொன்னனீர். நான்தான் கேக்கேல்லை. ஆனால் கறையான் எண்டு சொல்லியிருக்க வேண்டாம்," என்றார். அன்று அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. அடுத்த நாள் வழமைபோல் கதைத்தார். நானும் கதைத்தேன்.

ரோசாக்கள் இரண்டு மாதம் நன்றாகத்தான் பூத்தன. பிறகு சோழகக் காற்றுப் பிறந்தது. மேற்கிலிருந்து வந்த வெயிலையும் காற்றையும் அதுவரை அந்த மரம்தான் மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அது எனக்குத் தெரியவில்லை. காலமையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்றியும் இலை கருகி, தண்டு காய்ந்து, ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. ஒருநாள் நான் கடைக்குப் போய் வருவதற்குள் அவர் நாலு தடி நட்டு, பாத்திக்கு மேல் தென்னங்கிடுகால் ஒரு பந்தல் போட்டிருந்தார். மிஞ்சிய மூன்று ரோசாக்களும் அதனால்தான் பிழைத்தன. அந்தப் பந்தலின் கீழே குந்தியிருந்து களை பிடுங்குகிறபோது, மனம் விட்டு அழுதிருக்கிறேன்.

இந்த மாரி தொடங்கும்போது, "கன்று வாங்க வவுனியாவுக்குப் போவம், வாறீரோ?" என்று அவராகவே கேட்டார். எனக்குச் சந்தோசம். கன்று விற்கிற இடத்தில் மாங்கன்றுகள் வரிசையாக இருந்தன. நல்ல செழிப்பான ஒன்றைத் தூக்கி அவரிடம் நீட்டினேன்.

"இது ஒட்டுக்கன்றாம். மூண்டு நாலு வருஷத்திலை காய்க்குமாம். நீங்கள் விரும்பின இடத்திலை வையுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அவர் கன்றை வாங்கி இலையைத் திருப்பிப் பார்த்தார். "நல்ல கன்றுதான்," என்றார். பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு என்னிடமே தந்தார். கத்தரி நாற்றும் மிளகாய் நாற்றும் கேட்டு வாங்கினார். எத்தனை நாளில் காய்க்கும் என்று விற்கிறவரிடம் இரண்டு தரம் விசாரித்தார்.

நான் மாங்கன்றைக் கொண்டுபோய், எடுத்த வரிசையிலேயே திருப்பி வைத்தேன்.