வண்டியில் நான் அப்பா இல்லை

என் தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அதே வேனில் கதவைத் திறந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குவது நான். என் வேலைக்கு ஆயா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவன் யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன். எனக்குத் தலையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. நரைத்ததற்கெல்லாம் மை போட்டுவிட்டேன் என்பது வேறு விஷயம்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வந்தேன். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். நேரத்துக்கு வருவான், மெதுவாக ஓட்டுவான், ஹாரனைக்கூட யோசித்துத்தான் அடிப்பான். எவனாவது குறுக்கே வந்து விழுந்தாலும் வாயைத் திறக்க மாட்டான். திறந்தால் அந்த வார்த்தையைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு வீட்டில் போய்ச் சொல்லுமாம்.

அவனுக்கு இருப்பது ஒரே ஒரு வியாதி, நேர்மை. குடி, சீட்டாட்டம் என்று ஏதாவது இருந்திருந்தால் சொந்தக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்காரவைத்துப் புத்தி சொல்லியிருப்போம். நேர்மையாக இருப்பவனை என்னவென்று கூப்பிட்டுக் கண்டிப்பது? வேறு வழியில்லாமல் நான் அவனுக்கு நீதிமான் என்று பெயர் வைத்தேன். கிண்டலுக்கு வைத்த பெயர். அவன் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டான்.

நீதிமானின் வேனில் ஒரு சட்டம் உண்டு. சாயங்காலம் வீடு வந்ததும் எந்தப் பிள்ளையும் தானாக இறங்கக் கூடாது. பெற்றவர் வந்து வேன் கதவுக்கு முன்னால் நின்று கையை நீட்ட வேண்டும். நான் பிள்ளையை அந்தக் கையில் ஒப்படைப்பேன். ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறந்ததும் அவன் பிள்ளைகளுக்கு இதைப் பாடமே நடத்துவான்.

"யாரு வந்து கை நீட்டினா இறங்கணும்?"

"அப்பா, அம்மா."

"பக்கத்து வீட்டு மாமா கூப்பிட்டா?"

"இறங்க மாட்டோம்."

"டிரைவர் அங்கிள் நானே இறங்குன்னு சொன்னா?"

"இறங்க மாட்டோம்."

தாமதமாக வரும் பெற்றவர்களை அவன் சும்மா விடமாட்டான். "குழந்தை காத்துட்டு இருக்கில்ல சார்" என்று பணிவாகத்தான் சொல்வான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரி சொல்வான். அவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளையை வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த நாள் முன்கூட்டியே வந்து நிற்பார்கள்.

நல்ல சட்டம்தான். நான் குறை சொல்லவில்லை. வம்பு எங்கே தொடங்கியது என்றால், அவன் பெற்ற மகளே அந்த வேனில் ஏறிய நாளில்.

அவனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பெரிய வாலு, இந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பு. அடுத்தவன் சின்ன வாலு. அவனுக்கு இன்னும் நடை சரியாக வரவில்லை, ஆனால் ஓட்டம் நன்றாக வரும். காலையில் அந்த வீட்டுக்குள் போனால் போர்க்களம் தோற்றுவிடும். பெரிய வாலின் ஒரு ஷூ கட்டிலுக்கு அடியில் கிடக்கும், இன்னொன்றைச் சின்ன வாலு குளியலறை வாளியில் ஊறவைத்திருப்பான். என் தம்பி பெண்டாட்டி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். சீப்பை வாயில் கவ்விக்கொண்டு மகளைத் துரத்திக்கொண்டிருப்பாள்.

"ஊர்ல இருக்கிற எல்லாரையும் உக்காரவச்சு ஊசி குத்தி ரத்தம் எடுத்துடுறேன் அண்ணி. இவ தலையில ஒரு கிளிப்பு மாட்ட முடியல" என்பாள்.

இந்தக் கூத்துக்கு நடுவில் நீதிமான் என்ன செய்வான்? மாடியிலிருந்து கீழே இறங்கிப் போய், வேனில் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பி, தன் வீட்டைப் பார்த்தே ஹாரன் அடிப்பான். "மத்த வீட்டு வாசல்ல எவ்வளவு நேரம் நிப்பேனோ அவ்வளவுதான் இங்கயும் நிப்பேன்" என்று கீழேயிருந்து குரல் வரும். அந்த நேரத்தில் மேலே வந்து ஒரு ஷூவுக்கு லேஸ் கட்டினால் நேர்மை குறைந்துவிடும் போலிருக்கிறது.

முதல் நாள் பெரிய வாலு ஓடிப்போய் டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் "இது எங்கப்பா வண்டி" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தெருமுனை வீட்டு வக்கீலம்மா தன் மகனை ஏற்ற வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஓ, சொந்தப் பொண்ணுக்கு முன் சீட்டா? நடக்கட்டும், நடக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுக்கு அது ஒரு பேச்சு. வீட்டுக்குள் போவதற்குள் மறந்திருப்பாள். இவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. அடுத்த திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டி, மகளை இறக்கி, கடைசி வரிசையில் சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டில் உட்காரவைத்தான். குழியில் ஏறி இறங்கினால் குடலே வாய்க்கு வந்துவிடும், அப்படி ஒரு சீட்டு அது.

"இங்க பாரு. வண்டில நான் அப்பா இல்ல. எல்லாருக்கும் மாதிரி உனக்கும் டிரைவர் அங்கிள்தான். அங்கிள்னுதான் கூப்பிடணும். புரியுதா?"

அவள் என்னைப் பார்த்தாள். அவன் அதையும் கவனித்துவிட்டு, "அக்கா, உன்னையும் ஆன்ட்டின்னுதான் கூப்பிடணும்" என்றான்.

"அவ வாயில இருந்து ஆன்ட்டின்னு ஒரு சத்தம் வந்துச்சு, உன்ன வண்டியோட சேத்துத் தள்ளிவிட்டுருவேன். அவளுக்கு நான் அத்தை. வண்டிலயும் அத்தை, வானத்துலயும் அத்தை. வேலையப் பாருடா" என்றேன். என்னிடம் அவன் நேர்மை செல்லாது.

அன்றிலிருந்து வேனில் யார் சத்தம் போட்டாலும் திட்டு பெரிய வாலுக்குத்தான். பின்னால் இரண்டு பேர் சண்டை போட்டால், கண்ணாடியில் பார்த்து அவள் பெயரைச் சொல்லி அதட்டுவான். இதைப் பார்த்துப் பெற்றவர்களுக்கெல்லாம் ஒரே பூரிப்பு. "சொந்தப் பொண்ணுன்னுகூடப் பாக்காம என்ன கண்டிப்பு பாருங்க" என்று வக்கீலம்மாவே சொன்னாள். அன்றைக்கு இவன் ஸ்டியரிங்கைப் பிடித்த தோரணையைப் பார்க்க வேண்டுமே, விமானம் ஓட்டுகிறவன்கூட அப்படி உட்கார மாட்டான்.

கொஞ்ச நாளில் வீட்டிலும் அவள் அங்கிள் என்றே கூப்பிட ஆரம்பித்தாள். "அங்கிள், தண்ணி வேணும்." "அங்கிள், தம்பி என் பென்சிலத் தின்னுட்டான்." முதலில் இவன் விழுந்து விழுந்து சிரித்தான். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக் காட்டினான். பிறகு சிரிப்பு நின்றது. "வீட்ல அப்பாடா கண்ணு, வண்டிலதான் அங்கிள்" என்று விளக்கினான். அவள் தலையாட்டிவிட்டு, "சரி அங்கிள்" என்றாள்.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த வயசில் ஆறு மணிக்கு ஒரு பெயர், எட்டு மணிக்கு ஒரு பெயர் என்று ஒரு மனுஷனை எப்படிப் பிரித்து வைத்துக்கொள்ள முடியும்? எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திட்டு விழாதோ அந்தப் பெயரை நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பலூன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தான். உப்பு மூட்டை தூக்கிப் பார்த்தான். முதுகில் சவாரி போய்விட்டு இறங்கும்போது "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். இதற்கு மேல் ஒரு நாள், பேச்சே சரியாக வராத சின்ன வாலு ஓடி வந்து இவன் காலைப் பிடித்துக்கொண்டு, வாயில் எச்சில் ஒழுக, "அங்கி" என்றான்.

நீதிமான் அன்று சாப்பிடவில்லை. என்னிடம் வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, ரெண்டுமே அங்கிள்னு கூப்பிடுதுக்கா. ஒரு தடவ அப்பான்னு கேட்டாப் போதும் எனக்கு."

"வக்கீலம்மாவக் கூப்பிடச் சொல்லேன். அவங்களுக்குத்தான உன்ன ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் மறுநாள் காலையில் அவன் வழக்கம்போலக் கீழே போய் ஹாரன் அடித்தான்.

பிறகு அந்தச் சாயங்காலம் வந்தது. பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் வக்கீலம்மாவின் மகன் காலால் எத்தியதில் யாருடைய தண்ணீர் பாட்டிலோ சாய்ந்து, வண்டி முழுக்க ஈரம். நான் கண்ணால் பார்த்தேன். சொல்வதற்கு வாயைத் திறப்பதற்குள் இவன் கண்ணாடியில் பார்த்து மகளைப் பிடித்து ஒரு காய்ச்சு காய்ச்சிவிட்டான். அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் ஒரு பையனின் அப்பா மகனைத் தூக்கிக்கொண்டே, "டிரைவர், என் பையன யாரோ கிள்ளுறாங்களாம். கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். "கண்டிப்பா சார், இனி நடக்காது" என்று இவன் குழைந்தான். பெரிய வாலு அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

தம்பி வீடுதான் கடைசி. வழக்கமாகத் தம்பி பெண்டாட்டி வாசலில் வந்து நின்று மகளை வாங்கிக்கொள்வாள். அன்று அவளிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "அண்ணி, இங்க கூட்டம் குறையல. அவரையே இறக்கிக்கச் சொல்லுங்க."

இவன் இறங்கி வந்து கதவைத் திறந்தான். "வா, இறங்கு."

பெரிய வாலு அசையவில்லை. "எங்கம்மா வரல."

"அம்மாவுக்கு வேலை இருக்கு. நான் இருக்கேன்ல, வா."

"நீங்க கூப்பிட்டா இறங்கக் கூடாது. நீங்கதான சொன்னீங்க அங்கிள்."

"அது மத்த பிள்ளைங்களுக்குடா."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்னு சொன்னீங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா, பகலெல்லாம் சின்ன வாலைப் பார்த்துக்கொள்கிறவள், அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. இவன் கெஞ்சினான், கையை நீட்டினான், அதட்டினான். அவள் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்டி உங்கப்பா" என்றான் கடைசியில்.

"வண்டில நீங்க அப்பா இல்ல. எங்கப்பா வரட்டும்."

அவன் திரும்பி வீட்டுக்குள் போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்தேன். "பெத்த பிள்ளைகிட்ட ரோஷம் பாக்குறான் பாரு" என்று தையல்காரம்மாவிடம் முணுமுணுத்தேன். மேலே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது உடம்பில் டிரைவர் போடுகிற நீலச் சட்டை இல்லை. வீட்டில் போடுகிற, தோளில் ஓட்டை விழுந்த பனியன். முகத்தைக் கழுவியிருந்தான், துடைக்க மறந்திருந்தான். வேன் கதவுக்கு முன்னால், தினமும் பெற்றவர்கள் வந்து நிற்கிற இடத்தில் வந்து நின்றான். இரண்டு கையையும் நீட்டினான்.

என் வேலையை நான் செய்ய வேண்டுமே. "ஏன் சார் லேட்டு? குழந்தை காத்துட்டு இருக்கில்ல?" என்றேன், எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

"தப்புதாங்க. ரொம்ப நாள் காக்க வச்சிட்டேன்" என்றான்.

"யாருடா கண்ணு இது?" என்று அவளைக் கேட்டேன். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பனியன் ஓட்டையைப் பார்த்தாள். பிறகு கம்பியை விட்டுவிட்டு, "அப்பா" என்று தாவினாள். அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தையல்காரம்மா மூக்கை உறிஞ்சினாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் படியேறினேன். எனக்கும் கண் மறைத்தது, ஒரு படியில் தடுக்கிக்கொண்டேன்.

பாதிப் படியில் அவள் அவன் காதோடு பேச ஆரம்பித்தாள். காதோடு என்றாலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அப்பா, எங்க வண்டில ஒரு டிரைவர் அங்கிள் இருக்காருப்பா."

அவன் நின்றுவிட்டான். "ம்."

"யாரு என்ன பண்ணாலும் என்னத்தான் திட்டுறாரு. இன்னைக்குத் தண்ணி நான் கொட்டவே இல்லப்பா."

"ம்."

"மத்தவங்க அப்பால்லாம் வந்து அவர்கிட்ட சொல்றாங்க. நீயும் வந்து சொல்லுப்பா."

"என்னன்னு சொல்லட்டும்டா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"இவளுக்கும் அப்பா இருக்காருன்னு சொல்லு."

நீதிமான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.