பாமாலைக்குச் சாய்ந்த எழுத்து

எங்கள் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் பழைய பதிகங்களைப் பாடி வருகிறோம். சென்ற ஆண்டு பாடுவோரைவிடத் தூண்களே மிகுதி. திருவிழா வெள்ளியிலும் மண்டபம் நிறையாவிட்டால் அந்த மாலைகளை நடன வகுப்புக்குக் கொடுத்துவிடுவது என்று கமிட்டி முடிவு செய்தது. அதைச் சொல்ல வந்த செயலாளர் என் சித்தப்பா மகன். அந்த வெள்ளிக்கான விளம்பரப் பலகையை மட்டும் என் பொறுப்பில் விட்டான்.

நெய்யாற்றின்கரையில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்கு இருவருமாகப் போனோம். கடைக்காரப் பெண்மணி கணினித் திரையில் எழுத்துருக்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். விறைத்து நின்றவை பல. இடையே ஒன்று வந்தது: தடித்த உடல், மழுங்கிய முனை, மூலையே இல்லாத வளைவு, வலப்புறம் மெல்லச் சாய்ந்த நடை. சுவாமியைத் தோளில் ஏற்றியவர்கள் இப்படித்தான் முன்னே சாய்ந்து அடியெடுத்து வைப்பார்கள். எங்கள் நிகழ்ச்சியின் பெயரான ‘பாமாலை’யை அதில் அமைக்கச் சொன்னேன்.

தம்பி முகம் சுளித்தான். “அண்ணே, இது மிட்டாயிக் கடை போர்டாக்கும்.”

“மிட்டாயிக் கடைக்கு ஆளு வாறதுண்டா இல்லியா மக்கா?”

அப்பெண்மணி சிரித்துக்கொண்டே பதிக வரிகளையும் அதே எழுத்தில் நிரப்பிக் காட்டினார். அதற்கு நான் இசையவில்லை. அவ்வெழுத்து அழைப்பதற்கு உரியது, ஓதுவதற்கு அன்று. சிறிதாக்கினால் ணகரத்தின் சுழிகள் அடைபடும். புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நான்கடியும் சாய்ந்தே ஓடினால் நாவுக்கு மூச்சுவிட இடமிராது. தலைப்பு மட்டும் சாயட்டும், பாட்டு மெலிந்த நேர் எழுத்தில் நிற்கட்டும் என்றேன். அப்படியே அச்சாயிற்று.

பாறசாலைக்குப் போகும் சாலை வளைவில் பலகையைக் கட்டினோம். கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊரில் தமிழ் பேசும் வீட்டாரின் கண்ணும் இன்று மலையாளத்தையே தேடும். தமிழ்ப் பலகையைப் படிக்க முயலாமலே கடந்துவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் உருண்ட அந்தப் பகரமும் மகரமும் மலையாளம் போலவே தோன்றும். அதை நினைத்தேதான் நான் அவ்வெழுத்தைத் தேர்ந்தேன். மலையாளம் என்று எண்ணி அருகே வந்தவர்கள், தமிழ் என்று கண்டபின் திரும்பிப் போகவில்லை. கீழிருந்த வரிகளை எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். பால் வாங்கப் போன ஓர் அம்மாள் அங்கேயே நின்று உரக்கப் பாடினார். சிறுவயதில் வீட்டில் கேட்ட ராகம் அவருக்குள் அப்படியே இருந்தது.

திருவிழா வெள்ளி மாலை பாய்கள் போதவில்லை. தம்பி மேடைக் கம்பளத்தை எடுத்து வந்து விரித்தான். தமிழ் எழுத்தே அறியாத சிலரும் வந்திருந்தார்கள். பக்கத்திலிருந்தவரின் வாயசைவைப் பார்த்துச் சேர்ந்து பாடினார்கள். பாட்டு முடிந்ததும் தம்பி மண்டபச் சாவியை என் கையில் வைத்தான்.

“நடன வகுப்பு சனிக்கிழமைக்கு மாறியாச்சு. வெள்ளி ஒங்களுக்குத்தான். ஆனா அண்ணே, நன்கொடை தந்தவங்க பேரும் இனி அந்த எழுத்தில வரணுமாம்.”

அவர்கள் நேராகவே நிற்கட்டும் என்று சொல்லிக் கதவைப் பூட்டினேன்.