கியர் பாக்ஸுக்கு மீட்டர் வைத்த லாரி

தொண்ணூற்றொன்றில் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருவில் தெர்மாமீட்டர் வைத்திருந்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. காய்ச்சல் என்றால் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பதோடு சரி. ஆனால் எங்கள் லாரியின் கியர் பாக்ஸுக்குச் சூடு பார்க்க ஒரு மீட்டர் வந்து சேர்ந்தது. சென்னையில் பழைய ராணுவ வண்டிகளைப் பிரித்து விற்கிற கடையில் பெரியப்பா அதைப் பிடித்து வந்திருந்தார்.

லாரி பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பொது. பெரியப்பா பங்குக்கு அதிகாரம், அப்பா பங்குக்கு ஸ்டியரிங். அப்பா குவாரியிலிருந்து ஜல்லி ஓட்டுவார். சில மாதங்களுக்கு முன் ஆயில் ஒழுகிப்போய் கியர் பாக்ஸ் சூடேறி, பல்லெல்லாம் உடைந்து, வண்டி நடுரோட்டில் படுத்துவிட்டது. அது அப்பாவின் கவனக்குறைவுதான் என்று பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இனிமே முள்ளு சொல்லும், நீ கேட்டுக்கோ. இன்னொரு வாட்டி எதுனா ஆச்சுன்னா நீ எறங்கிக்க. வேற ஆளப் போட்டுக்கறேன்" என்றார். அப்பா தலையை ஆட்டினார். அந்த ஸ்டியரிங்கைத் தவிர அப்பாவுக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் பிடித்ததாக எனக்குத் தெரியாது.

மீட்டர் மாட்டியது பெரிய திருவிழா. அப்பா வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பாக்ஸின் ஆயில் பிளக்கைக் கழற்றி, ஆயிலைத் தகர டின்னில் பிடித்தார். அந்த பிளக்கை ஸ்ரீபெரும்புதூர் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் நடுவில் துளை போட்டு மரை வெட்டி வாங்கி வந்தார்கள். அதில்தான் சென்சாரை முடுக்க வேண்டும். பார்த்தால் ஒரு பித்தளைத் துண்டு, பின்னால் ஒற்றை ஒயர், அவ்வளவுதான். முடுக்குவதற்கு முன்னால் சோதிக்க வேண்டும் என்று பெரியப்பா அடம் பிடித்தார். அம்மா வெந்நீர் கொண்டுவந்தாள். முக்கிப் பார்த்தால் முள் அசையவே இல்லை. பெரியப்பா கடைக்காரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டு, கோபத்தில் சென்சாரை லாரியின் சேஸ் மேல் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். முள் துள்ளி எழுந்தது. லாரியின் இரும்பைத் தொட்டால்தான் அது வேலை செய்யும் என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. தெருவே கை தட்டியது. ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் மாட்டிய மீட்டருக்குப் பெரியம்மா நட்டநடுவில் குங்குமம் வைத்தாள். முள் தெரியவில்லை என்று அதைத் துடைக்க வேண்டியதாயிற்று.

மீட்டர் மாட்டிய கையோடு அத்தை மகளின் மஞ்சள் நீராட்டு வந்தது. அத்தையைக் கொடுத்திருந்தது உத்திரமேரூர்ப் பக்கம். தாய்மாமன் சீர் லாரியில்தான் போனது. பின்னால் பாய் விரித்து, சொந்தக்காரப் பெண்கள் சீர்த் தட்டுகளை மடியில் வைத்து உட்கார்ந்தார்கள். ஓரத்தில் பெரியப்பா மகனும் மாமாக்கள் இரண்டு பேரும். அம்மா கேபினுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். பெரியப்பா முன்னால் இடப்பக்கக் கதவோரம். அவர் இருந்த இடத்திலிருந்து மீட்டர் தெரியாது. நடுவில் என்ஜின் மூடி மேல் சாக்கு போட்டு உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்பா தோளில் சீருக்கென்று எடுத்த புதுத் துண்டு. ராகுகாலத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

ஒரகடம் தாண்டியதும் பின்னாலிருந்து டொக் டொக்கென்று ஒரு சத்தம். தட்டு இடிக்கிறது என்று நினைத்தேன். அப்பா மீட்டரைப் பார்த்து, "முள்ளு ஏறுதுண்ணா, செத்த ஆறட்டும்" என்று ஏரிக்கரையில் நிறுத்தினார். நானும் பார்த்தேன். முள் இருந்த இடத்திலேயே இருந்தது. பெண்கள் சிலர் இறங்கிக் கருவேலம்புதர்ப் பக்கம் போய் வந்தார்கள். அம்மாவும் போனாள். வாலாஜாபாத் தாண்டி மறுபடியும் சத்தம், மறுபடியும் "முள்ளு ஏறுதுண்ணா." பின்னாலிருந்து மாமா ஒருவர், "இன்னா மச்சான், மாட்டு வண்டியே போய்ச் சேந்துருக்குமே" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அப்பா பொய் சொல்கிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது தடவை பெரியப்பா என்னைத் தாண்டி எட்டி மீட்டரைப் பார்த்துவிட்டார். முள் பச்சையில் இருந்தது. அவர் கீழே இறங்கி, எல்லோரையும் வைத்துக்கொண்டு, ஒரு தடவை வண்டி நின்றதிலேயே தம்பிக்குக் கை நடுங்கிப் போய்விட்டது, பயந்தாங்கொள்ளிக்கு லாரி எதற்கு என்று ஆரம்பித்து நிறையச் சொன்னார். அப்பா சாவியை நீட்டினார். பெரியப்பா மகன் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

அப்பா பின்னால் ஏறி, பெண்களுக்கு நடுவில் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் கம்பி ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். அம்மா அத்தனை பேர் முன்னால் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். அந்த வெட்கக்கேட்டை நான் யாரிடம் சொல்வது!

போய் இறங்கியபோது அப்பாவின் தோளில் துண்டு இல்லை. சீர் வைக்கிற தாய்மாமன் துண்டில்லாமல் நிற்கிறானே என்று கேலி செய்தார்கள். அம்மா பந்தலுக்கே வரவில்லை. மாமன் பெண்டாட்டி என்று தண்ணீர் ஊற்றக் கூப்பிட்டதற்கு, தலை சுற்றுகிறது என்று சொல்லி லாரி நிழலில் படுத்துவிட்டாள். புருஷனைத் திட்டிவிட்டார்கள் என்று கோவித்துக்கொண்டாள், எவ்வளவு திமிர் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அப்பா அதையும் மறுக்கவில்லை. ஸ்டியரிங் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. வல்லத்தில் ஜல்லி மெஷினில் கூலிக்குப் போனார். கடைசிவரை எங்கள் சொந்தத்தில் அவர் பெயர் பயந்தாங்கொள்ளிதான்.

எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது, பஸ்ஸில் போகக்கூடாது என்று அம்மா தடுத்தாள். "அன்னிக்கு லாரில போய்தான எனக்கு ஒண்ணு கலைஞ்சிது" என்று வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். உதிரப்போக்கு ஒரகடத்திலேயே ஆரம்பித்துவிட்டதாம். கேபினைத் தட்டியது அவள்தான். துண்டும் அவளுக்குத்தான் போயிருக்கிறது.

"சொல்லியிருந்தா அப்பாவ யாராச்சும் திட்டியிருப்பாங்களா?" என்று கேட்டேன்.

"சீர்த் தட்டு போற வண்டில தீட்டுன்னு எப்டிடி சொல்றது? அந்தப் பொண்ணுக்குப் பின்னால இன்னா ஆனாலும் எந்தலைல தான விடியும். அதான் உங்கப்பா வாயத் தொறக்கல."

அன்றைக்குப் பந்தலில் நான் பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவைத் தெரியாதவள்போல நின்றிருந்தேன். அவர் தூரத்திலிருந்து என்னைத் தேடிப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கையை வாயருகே கொண்டுபோய்க் கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு பிள்ளை போன அன்றைக்கு, இருக்கிற பிள்ளையும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.