அம்மாவுக்காக வந்த வயிற்று வலி

மேமோகிராம் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அம்மாவும் சித்தியும் போட்ட சண்டையில்தான். மார்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்க, அம்மாவின் தங்கையான சித்தி ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் இருமுறை நாள் வாங்கிக் கொடுத்திருந்தார். முதல்முறை அம்மா தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்க விரதத்தில் இருந்தார். விரதத்துக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சித்தி கேட்டார். இரண்டாம்முறை, புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஓவர்டைம் என்றார். அந்த வாரம் அங்கே ஓவர்டைமே கிடையாது என்பதை, அம்மாவோடு வேலை செய்தவரிடமே சித்தி விசாரித்துவிட்டார்.

மூன்றாவது தடவை, பள்ளி விடுமுறையில், சித்தி காரோடு வாசலில் வந்து நின்றார். உடை மாற்றுகிற சாக்கில் அம்மா என்னை அறைக்குள் இழுத்து, "வயித்த வலிக்குதுன்னு சொல்லு," என்றார். எனக்கு ஒன்பது வயது. பள்ளி நாடகத்தில் மரமாக மட்டுமே நின்றவள் நான். கிடைத்த வாய்ப்பை விடாமல் கூடத்தில் சுருண்டு விழுந்து அழுதேன்.

சித்தி கார்ச் சாவியைக் கையில் எடுத்தார்.

"வயித்து வலின்னா ஆஸ்பத்திரிக்குத்தானே போவணும்? ஏறு காடியில."

"தைலம் போட்டா போயிடும் லா," என்றார் அம்மா.

"அக்கா, நீயும் ஏறு."

ஆஸ்பத்திரியில் என் வயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தாதி அம்மாவின் பெயரைக் கூப்பிட்டதும் நான் இன்னும் பலமாக முனகினேன். "போதும்," என்றார் சித்தி. வெளியே வந்த அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "போட்டு நசுக்கிட்டாங்க. இப்ப திருப்தியா?" என்று கேட்டார்.

குளிக்கும்போது மார்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்ததை அம்மா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நான் வளர்ந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். நல்லவேளையாக அது சின்னக் கட்டி. அறுவை சிகிச்சைக்கும் மருந்துக்கும் பின் தேறி, இன்றும் எல்லாரோடும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் மறுபடி வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அன்று எனக்கு எதுவும் தெரியாது. சித்தி வந்தார். அம்மா சீனி போட மறந்து கொடுத்த தேநீரைச் சித்தி அப்படியே குடித்தார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா இழுத்தபோதும் திட்டவில்லை; பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் சண்டையில் கடைசியாக அம்மா ஜெயித்துவிட்டார் என்று எண்ணி, நான் சந்தோஷமாக விளையாட ஓடினேன்.