இரண்டாவது முடிச்சு

அண்ணனின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் அலமாரியில் ஒரு பட்டுப்புடவை வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் ஆண் இல்லை, திருநங்கை என்று வீட்டில் சொல்லி அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதன்பிறகு கேட்காமலும் சொல்லாமலும் பல காரியங்கள் நடக்க எங்கள் வீடு பழகியிருந்தது.

எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய உடன்பிறந்தவள் பெண்ணின் பின்னால் நின்று போடவேண்டும். நாத்தனார் முடிச்சு என்பார்கள். அண்ணனுக்கு உடன்பிறப்பு நான் ஒருத்திதான். நான் போடவில்லையென்றால் பெரியப்பா மகள் போடுவாள். முறைப்படி அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மண்டபம் நிறைய உறவு பார்த்துக்கொண்டிருக்க அவள் போய் நின்றால், நான் யார் என்ற கேள்விக்கு என் வீடு எல்லோர் முன்னிலையிலும் பதில் சொன்னதாகிவிடும். எனக்கு அந்த முடிச்சு வேண்டும். இதை இவ்வளவு நேராக அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் சொன்னபோது அம்மா அழுதாள், துரத்தவில்லை. சந்தேகம் பின்னால்தான் தொடங்கியது. திருநங்கை என்றால் எப்படி இருப்பார்கள் என்பதில் அவளுக்கு ஒரு தீர்மானம் இருந்தது: புடவை, தலை கொள்ளாத பூ, கை நிறைய வளையல், குழைந்த பேச்சு. நானோ மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை எடுத்துக்கொண்டேன், அரசிதழில் பெயரை மாற்றிக்கொண்டேன், பிறகு முன்புபோலவே ஜீன்ஸும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, அளந்து பேசிக்கொண்டு, ஏனாத்தூர்ப் பேருந்தில் வகுப்புக்குப் போய்வந்தேன். "பொம்பளையா ஆவறதுக்கு இவ்ளோ பாடு படுது, ஒரு மொழம் பூ வச்சிக்கத் தோணலியா?" என்று பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் பெரியம்மா ஒருநாள் கேட்டாள். அம்மாவுக்குள் அந்தக் கேள்வி தங்கிவிட்டது.

கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறேனா, அப்பா வீட்டில் நெய்யும் தறியிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறேனா, கைப்பேசியில் யாரோ சொல்லிக்கொடுத்ததா என்று அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். நான் குளிக்கப் போகும் நேரத்தில் என் பையைச் சோதிப்பாள். மற்ற வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளையின் பையில் உதட்டுச்சாயம் கிடைத்தால் கலவரம் நடக்கும். எங்கள் வீட்டில் அது கிடைக்காததுதான் கலவரம். என்னை 'டா' போட்டு அழைப்பதை நிறுத்தியிருந்தாள், 'டி' போடவும் துணியவில்லை. சுவரைப் பார்த்து, "சோறு ஆறுது" என்பாள்.

பெரியப்பா மகள் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு புல்லட் ஓட்டுகிறாள். அவளை யாரும் எதுவும் கேட்பதில்லையே என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். "அவ பொறந்ததே பொண்ணா. அவ எப்பிடி வேணா இருப்பா" என்றாள். அவளுக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை.

அலமாரியில் இருந்தது அப்பா நெய்த புடவை. அரக்கு நிற உடல், பச்சைக் கரை. இரண்டு நிறமும் பிசிறில்லாமல் சேரும் கோர்வைக்கு இரண்டு ஆள் வேண்டும்: ஒருவர் தறியில் அமர்ந்து நெய்ய, இன்னொருவர் ஓரத்தில் அமர்ந்து கரைக்கான இழை ஓடும் நாடாவை மட்டும் தள்ளித் தரவேண்டும். இதை நெய்கையில் துணைக்கு ஆள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒருதரம் தள்ள மறந்தேன். அந்த இடத்தை அப்பா பிரித்து மீண்டும் நெய்தாரா, அப்படியே விட்டாரா என்பது எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் கதவைச் சாத்திவிட்டுப் புடவையைக் கட்டிலில் பிரித்தேன். இடப்பக்கக் கரையைத் திருப்பி விரலால் தடவிக்கொண்டே போனேன். இடைவெளி எதுவும் தட்டுப்படவில்லை. பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தேன்.

அப்போதுதான் தரையில் ஊதா நிறப் பட்டிழை ஒன்றைக் கண்டேன். ஒரு சாண் இருக்கும். அந்தப் புடவையில் ஊதா இல்லை. மேலும், நெய்து முடித்துப் பிசிறு வெட்டி மடித்த புடவைக்குள் உதிரி இழை கிடப்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். அப்படியானால் அது வைக்கப்பட்டது. புடவை பிரிக்கப்பட்டதா என்று வந்து பார்ப்பதற்காக மடிப்புக்குள் வைக்கப்பட்டது. எந்த மடிப்பில் இருந்தது என்று தெரிந்திருந்தால் திரும்ப வைத்திருப்பேனோ என்னவோ, தெரியவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மாலையில் நான் திரும்பியபோது இழை தரையில் இல்லை.

அன்று இரவு அம்மா எனக்குப் பிடித்த அடை வார்த்தாள். "சாப்ட வாடி" என்றாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் அமர்ந்தேன். மறுநாள் காலை பொதுச்சுவருக்கு அப்பால் அவளும் பெரியம்மாவும் பேசியது கேட்டது.

"கட்டிப் பாத்துக்குது. மடிப்புல வச்ச இழ கீழ கெடந்துது. நான் கண்டுபுடிச்சிட்டேன்."

"கதவ சாத்திக்கினா?"

"சாத்திக்கினுதான்."

"அப்ப சரி. வெக்கம் இருக்குது" என்றாள் பெரியம்மா.

இரண்டு நாட்கள் அம்மா என்னைச் சந்தேகிக்கவில்லை. ரவிக்கைக்கு அளவெடுக்கத் தையற்காரரிடம் அழைத்துப்போனாள். முடிச்சை நான்தான் போடுவேன் என்று அண்ணனிடம் சொன்னாள். நான் செய்யவேண்டியதெல்லாம் வாய் திறக்காமல் இருப்பதுதான். அது எனக்கு எப்போதும் எளிதாக வரும் காரியம். ஆனால் அந்த இரண்டு நாளும் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்டுபிடித்ததாக நம்பிய அந்தப் பெண் நான் இல்லை. இனி, புடவையை ஒளித்துக் கட்டிப் பார்த்த அந்தப் பெண்ணாக நான் நடித்துக்கொண்டிருக்க வேண்டும். இருபது வருடம் ஒரு மகனாக நடித்துக் களைத்துத்தான் வீட்டில் உண்மையைச் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன்.

"அந்தப் பொடவைய நான் கட்டிப் பாக்கலம்மா. கோர்வையப் பாக்கத்தான் பிரிச்சேன். நான் விட்ட எடத்த அப்பா சரி பண்ணாரான்னு."

அவள் கை நின்றது. "கட்டிப் பாக்கணும்னு தோணவே இல்லியா?"

"இல்லம்மா."

"இத நான் கேட்டனா? பேசாம இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"அப்பறமா உனக்குத் தெரிஞ்சா?"

"எனக்குத் தெரிய வேணாம்னுதான் சொல்றேன்" என்றாள். காம்பையும் இலையையும் ஒன்றாகவே பாத்திரத்தில் போட்டாள்.

செய்தி அன்றே வீடு முழுவதும் போனது. அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்காமல், அந்த இடத்தைப் பிரித்துத்தான் நெய்தேன் என்று மட்டும் சொன்னார். யாருக்கு முடிச்சு என்ற கேள்விக்கு அண்ணன், "எனக்கு யாரு போட்டாலும் ஒண்ணுதான்மா" என்றான். எனக்குச் சாதகமாகப் பேசியதாகவே அவன் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு பெரியம்மாவும் அம்மாவும் கூடி முடிவு செய்தார்கள். இரண்டாவது முடிச்சு நான், மூன்றாவது பெரியப்பா மகள். காரணத்தைப் பெரியம்மா மறைக்கவில்லை. "ஒண்ணு செல்லலன்னாலும் இன்னொண்ணு செல்லும் இல்ல."

மறுத்துவிடலாமா என்று யோசித்தேன். மறுத்தால் இரண்டும் அவளுக்குப் போகும். ஒப்புக்கொண்டேன்.

அரக்குப் புடவையை அன்று நான் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு எல்லாப் பெண்களும் கட்டுவதுபோல. பெரியப்பா மகள் எட்டு ஊக்கு குத்தியும் கொசுவம் நிற்கவில்லை என்று புலம்பிக்கொண்டு வந்தாள்; உள்ளே டிராக் பேண்ட் போட்டிருப்பதாக என் காதில் சொன்னாள். அவள் போடவேண்டிய மூன்றாவது முடிச்சின்மேல் யாருக்கும் ஐயம் எழவில்லை.

மேளம் உயர்ந்தது. அண்ணன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தான். ஐயம்பேட்டையிலிருந்து வந்த அந்தப் பெண், என் அண்ணி, இன்னும் நன்றாகத் தலையைக் குனிந்து எனக்கு இடம் கொடுத்தாள். பூச்சரத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாவது முடிச்சைப் போட்டேன்.

நான் நகர்வதற்குள் அம்மா குனிந்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அறுந்த இழையைப் பிணைத்தபின் தறியில் எல்லோரும் செய்வதுதான். முடிச்சு அசையவில்லை. இன்னொருமுறை இழுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் பெரியப்பா மகளிடம் சொன்னாள்:

"கெட்டியாத்தான் இருக்குது. எதுக்கும் நீயும் ஒண்ணு போடு."