உடவளவையில் மாட்டுங்கா சொன்ன பதில்

எங்கள் மூன்று பேருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் இருக்கிறது. பம்பாய் லோக்கல் ரயிலில் அது செல்லாது. லேடீஸ் டப்பாவில் ஏறுகிற ஸ்டேஷன்தான் பெயர். நான் முலுண்ட். எனக்கு முன்னாலேயே தாணேயில் வண்டி மாறி ஏறி, கைக்குட்டையைப் போட்டு எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பவள் ஐரோலி. எங்களில் சின்னவள் அவள்தான். தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரி, கல்யாணமாகி ஐரோலிக்குப் போனவள். கடைசியில் ஏறுகிறவள் மாட்டுங்கா. அவள் ஏறும்போது நிற்கவே இடம் இருக்காது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவதாக அரை இடுப்பை ஒட்டவைத்துக்கொண்டு கடைசி ஸ்டேஷன் வி.டி. வரைக்கும் வருவாள். ரயிலுக்கு வெளியே நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததே அபூர்வம். ஆனால் யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு, யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் மூன்று பேருக்கும் அத்துப்படி.

அப்படிப்பட்ட நாங்கள், புருஷன், பிள்ளை, ஆபீஸ் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இலங்கைக்கு டூர் கிளம்பிவிட்டோம். ஏற்பாடெல்லாம் ஐரோலி. காலையில் உடவளவைக் காட்டுக்குள் ஜீப் சவாரி, மத்தியானத்துக்கு மேல் பக்கத்திலேயே தாயில்லாத யானைக்குட்டிகளின் காப்பகம், ஒரே நாளில் இரண்டும். எனக்குப் போன வாரத்திலிருந்தே கால் தரையில் பாவவில்லை. யானைக்காக மட்டும் அல்ல. மாட்டுங்காவின் விஷயம் ஒன்று இருந்தது.

மாட்டுங்காவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பேங்கில் வேலை. அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், அப்புறம் அந்தப் பேச்சை எடுப்பவர்களே இல்லாமல் போனார்கள். இப்போது ஒருவர் எடுத்திருந்தார். அவள் தெருமுனையில் காப்பிப்பொடிக் கடை வைத்திருப்பவர். மனைவி காலமாகி ரொம்ப வருஷமாயிற்று. கடையை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி புனேயில் இருக்கும் மகன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இவள் பொடி வாங்கப் போன ஒரு நாள், அரைக்கிற மிஷின் சத்தத்துக்கு நடுவிலேயே மனுஷர் கேட்டுவிட்டார்.

"நாம சேர்ந்து இருக்கலாமா? நீங்க சரின்னா நான் கடையை விக்கலை. வேண்டாம்னா புனேக்குப் போயிடறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடையை வாங்கறவங்க வர்றாங்க. அதுக்குள்ள ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

இந்தப் புண்ணியவதி என்ன சொன்னாள் தெரியுமா? "பாக்கலாம்." சொல்லிவிட்டு, அரைத்து வைத்த பொடியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள்.

நாங்கள் காட்டுக்குப் போனது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

ஜீப் என்றால் நல்ல உயரம். மேலே கூரை, பக்கமெல்லாம் திறப்பு, பின்பக்கம் ஏறி இறங்கப் படி. மூன்று வரிசை சீட்டு, ஆளே இல்லை, முழு வண்டியும் எங்களுக்குத்தான். ஏறியதும் மூன்று பேரும் பழக்கதோஷத்தில் ஒரே சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். மாட்டுங்கா ஓரத்தில் அரை இடுப்போடு தொங்கிக்கொண்டிருந்தாள்.

"அரே யக்கா, ரெண்டு வரிசை சீட்டு சும்மா கெடக்கு, நாம எதுக்கு இப்படி இடிச்சுக்கிட்டு இருக்கோம்?" என்று ஐரோலிதான் முதலில் கண்டுபிடித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்த பிறகும் யாரும் வேறு சீட்டுக்குப் போகவில்லை.

மெதுவாக ஓட்டச் சொல்லி நான் டிரைவரிடம், "பய்யா, ஆராம் சே சலாவ்" என்றேன். மலைத்தோட்டப் பக்கத்துத் தமிழர் அவர். திரும்பிப் பார்த்து, "தமிழ்லயே சொல்லுங்க அக்கா, எனக்கு நல்லா வெளங்கும்" என்றார். கடல் தாண்டி வந்து தமிழனிடம் ஹிந்தி பேசுகிறோமே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. இருந்தாலும் அன்று முழுக்க அவரை பய்யா என்றுதான் கூப்பிட்டேன். வாயில் வேறு வரவில்லை.

காட்டுக்குள் நுழைந்ததும் மயில். அதற்கு ஒரு கூச்சல் போட்டோம். அப்புறம் எருமை. அதற்கும் கூச்சல். தண்ணீர் ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த முதலையைப் பார்த்து ஐரோலி, "ஏ யக்கா, எங்க மேனேஜரு கொட்டாவி விடுத மாதிரில்லா இருக்கு!" என்றாள். "சத்தம் போடாதீங்க அக்கா, யானை கிட்டக்க வராது" என்று டிரைவர் கெஞ்சினார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். அதில் சிரிப்பு இன்னும் அதிகமாக வந்தது. அணைக்கட்டுத் தண்ணீரின் கரையில் ஒரு யானைக் கூட்டம் நின்றது. பெரிய கால்களுக்கு நடுவில் ஒரு பொடிக்குட்டி, தன் தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் வீசிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னமோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

மாட்டுங்கா மட்டும் யானையைப் பார்ப்பாள், போனைப் பார்ப்பாள். ஏதோ அடிப்பாள், அழிப்பாள். காட்டுக்குள் சிக்னலே கிடையாது, இருந்தாலும் அடிப்பாள், அழிப்பாள்.

"என்னடி எழுதறே?" என்று போனைப் பிடுங்கிப் பார்த்தேன். 'நமஸ்காரம்' என்று ஒரே ஒரு வார்த்தை.

"நமஸ்காரமா? அந்த மனுஷனுக்கு லோன் நோட்டீஸா அனுப்பறே?"

"பின்னே என்ன எழுதறதுன்னு நேக்குத் தெரியலைடி. சும்மா இரேன்."

"சரின்னு எழுது. இல்லைன்னா இல்லைன்னு எழுது. ரெண்டுல எதை எழுதினாலும் நான் உன்னைக் கேக்க மாட்டேன்."

இது பச்சைப் பொய். இல்லை என்று எழுதினால் தலையில் குட்டியிருப்பேன்.

"இந்த வயசுல போய் கல்யாணமான்னு ஊர் சிரிக்காதா?"

"எந்த ஊருடி? மாட்டுங்காவா? அங்க யாருக்கு இதுக்கெல்லாம் நேரம் இருக்கு?"

ஐரோலி இடையில் புகுந்தாள். "யக்கா, நீங்க கண்டிப்பா சரின்னு சொல்லுங்க. நம்ம குரூப்புல ஒரு கல்யாணம் பாத்து எவ்வளவு நாளாச்சு! நான் புதுச் சேலை எடுக்கணும்லா!"

சவாரி முடிகிற நேரம். டிரைவர் ஒரு பேச்சுக்கு, "இன்னும் கொஞ்ச தூரந்தான், கேட் வந்துரும்" என்றார். அவர் சொல்லியிருக்கக் கூடாது. பம்பாய்க்காரியிடம் ஸ்டேஷன் வரப்போகிறது என்று சொன்னால் அவள் உட்கார்ந்திருப்பாளா? தாதரில் இறங்க வேண்டியவள் மாட்டுங்கா ஸ்டேஷன் வருவதற்குள் எழுந்து வாசலுக்கு வந்து நிற்காவிட்டால், கூட்டம் அவளை அடுத்த ஸ்டேஷன் பரேலில்தான் இறக்கிவிடும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். கைப்பையை முதுகிலிருந்து மார்புக்கு மாற்றிக்கொண்டோம். ஓடுகிற ஜீப்பில், படி இருந்த பின்பக்கம் வரிசையாகப் போய் நின்றோம். எனக்கு முன்னால் மாட்டுங்கா. நான் அவள் தோளைத் தட்டி, ரயிலில் கேட்பது போல, "உதர்னா ஹை க்யா? இறங்கறியா?" என்றுகூடக் கேட்டேன். வேடிக்கைக்கு இல்லை, நிஜமாகவே கேட்டேன்.

"அக்கா, எழும்பாதீங்க! உக்காருங்க!" என்று டிரைவர் கத்தினார். கத்திக்கொண்டே பிரேக்கும் போட்டார். புதருக்குள்ளிருந்து ஒரு யானை நிதானமாக வெளியே வந்து எங்களுக்கு முன்னால் பாதையில் நின்றது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். மாட்டுங்காவின் போன் கையை விட்டுப் பறந்து, மண் தரையில் போய் விழுந்தது. "போன்! போன்!" என்று அவள் படியில் கால் வைத்தாள். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். ஐரோலி என்னைப் பிடித்து இழுத்தாள்.

யானை ஜீப்பைச் சுற்றிக்கொண்டு வந்தது. எங்களைப் பார்க்கக்கூட இல்லை. தும்பிக்கையால் போனை ஒரு தரம் மோந்து பார்த்தது. வேண்டாம் என்று முடிவு செய்தது போல நடந்தது. நடக்கும்போது பின்னங்கால் சரியாக அதன்மேல் விழுந்தது.

"ஏ யானை! கண்ணு தெரியலையா உனக்கு!" என்று நான் கத்தினேன். டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஐரோலி சீட்டுக்கு அடியில் உட்கார்ந்து மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். யானை போன பிறகு டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து, குனிந்து போனை எடுத்துக் கொடுத்தார். அப்பளம் நொறுங்கியது போல இருந்தது. மாட்டுங்காவும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். கேட்டுக்கு வெளியே வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவள் முகம் வாடியது.

"விடு. இதுவும் ஒரு பதில்தான்."

"எதுடி பதில்? யானை மிதிச்சதா?"

"நானும் வாரம் பூரா சொல்லாம இருந்தேன். சொல்லலாம்னு நெனைக்கறச்சே இப்படி ஆயிடுத்து. வேண்டாம்னு கடவுளே சொல்றார் போலிருக்கு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கடவுளுக்கு வேற வேலை இல்லையா? உன் காப்பிப்பொடிக்காரரைக் கெடுக்கறதுக்கு அவர் பம்பாயிலேருந்து உன் பின்னாடியே வந்தாரா?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பயம்தான். இவள் இன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டால் சாயங்காலம் கடை கைமாறிவிடும். ஊருக்குத் திரும்பியதும் ஒன்றுமே நடக்காதது போல வந்து அதே நாலாவது சீட்டில் உட்காருவாள்.

காப்பகத்தில் பால் கொடுக்கிற நேரம். வேலிக்கு இந்தப் பக்கம் படிபடியாக உட்காரும் இடம். அந்தப் பக்கம் கதவைத் திறந்ததும் குட்டிகள் வந்தன பாருங்கள், ஐயோ கடவுளே! காது விரிய, வால் நீட்டிக்கொண்டு, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஓட்டமான ஓட்டம். எங்கள் மூன்று பேர் வாயிலிருந்தும் ஒரே வார்த்தை வந்தது: "தாதர்!"

ஆட்கள் குழாய் வைத்த புனல் வழியாகப் பாலை ஊற்ற, குட்டிகள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தன. ஒன்று மட்டும் தன் பங்கைக் குடித்து முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதது போல ஒரு சுற்றுச் சுற்றி வந்து அடுத்த வரிசையில் நின்றது. அதை விரட்டினார்கள். மறுபடியும் வந்தது. மறுபடியும் விரட்டினார்கள். ஐரோலி, "குடுங்கடே, பாவம்லா!" என்று எழுந்து நின்று கத்த, மாட்டுங்கா கை கொட்டிச் சிரித்தாள்.

எங்களோடு வந்து உட்கார்ந்திருந்த டிரைவர், "இதுகள் எல்லாம் ஒரே கூட்டம் இல்லக்கா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடத்துல தனியா நின்னதுங்க. இங்க வந்துதான் கூட்டாளி சேர்ந்துச்சுங்க" என்றார். "கொஞ்சம் பெருசானதும் காட்டுல கொண்டுபோய் விடுவாங்க. ஒண்டியா விட மாட்டாங்க, சேர்ந்ததுகளைச் சேர்த்தே விடுவாங்க."

மாட்டுங்கா சிரிப்பை நிறுத்திவிட்டு, "பெருசா வளந்து வந்ததுன்னா? அதுவும் சேருமா?" என்று கேட்டாள்.

"சேருமே. அதுக்கு ஏது வயசு?" என்றார் அவர். சொல்லிவிட்டு எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

மாட்டுங்கா நொறுங்கிய போனைப் பையிலிருந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் என் வாயை இறுக மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் அவள் ஐரோலியின் பக்கம் கையை நீட்டினாள்.

"உன் போனைக் குடு."

ஐரோலியின் போனில் உள்ளூர் சிம் இருந்தது. அவள் உடனே எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "நம்பர்? நம்பர் யானைகிட்டல்ல போச்சு!" என்றேன். எனக்கு என் புருஷன் நம்பரே தெரியாது. "மாட்டுங்காவுல வேற யாரைக் கூப்பிடலாம்? பக்கத்துக் கடைக்காரன்? உங்க வாட்ச்மேன்?" என்று நான் புலம்பிக்கொண்டிருக்கும்போதே, இட்லியா தோசையா என்று கேட்டால்கூட அரைமணி நேரம் யோசிக்கிற என் மாட்டுங்கா, விரலை எடுக்காமல், ஓர் இடத்திலும் தயங்காமல், நம்பரைக் கடகடவென்று அடித்து போனைக் காதில் வைத்தாள்.

எங்களுக்கும் கேட்டது. மணி அடித்தது. "ஹலோ, யாரு?" என்று ஆண் குரல். பின்னால் காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷினின் இரைச்சல்.

"நான்தான்" என்றாள் மாட்டுங்கா.

எந்த நான் என்று அவர் கேட்கவில்லை. மிஷின் சத்தம் நின்றது.

"கடையைக் குடுக்காதீங்கோ" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததென்று எனக்குத் தெரியாது. நானும் ஐரோலியும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்த குதியில் காவலாளி விசிலடித்தார், பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகள் திரும்பிப் பார்த்தன. ஐரோலி அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான். மாட்டுங்கா பேசி முடித்ததும், போனைத் திருப்பிக் கொடுக்கிறவரைகூடப் பொறுக்க முடியாமல் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அடிப்பாவி, நம்பர் எப்படிடி தெரியும் உனக்கு?"

"பொடிப் பொட்டலத்துல போட்டிருக்கும். காலம்பற பால் காயற வரைக்கும் அதைத்தான் பாத்துண்டு நிப்பேன்."

"எப்பலேருந்து?"

அவள் முகம் சிவந்துபோய்விட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் கேக்கறதுக்கு ரொம்ப முன்னாடிலேருந்து" என்றாள்.